ஒரு முத்தக் கறையும் விண்வெளி ஆக்சிஜனும்

1997-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், ஆண்டி வார்ஹால் அருங்காட்சியகத்தில் ஒரு விருந்து நடந்தது. அழகுசாதனப் பொருட்களை ஒட்டி நடந்த விருந்து, ஆகவே உதட்டுச்சாயத்துக்குப் பஞ்சமில்லை. வந்தவர்களில் ஒருவர் உற்சாகம் தாங்காமல் அங்கிருந்த ஓவியம் ஒன்றுக்கு முத்தம் கொடுத்துவிட்டார். ஓவியத்தின் பெயர் ‘பாத்டப்’. வார்ஹால் 1961-ல் வரைந்தது. சூப் டப்பாக்களும் மர்லின் மன்றோவும் அவருக்குப் பெயர் வாங்கித் தருவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம். ஒரு குளியல் தொட்டி, அவ்வளவுதான் படம். அதன் மேல் இப்போது இரண்டு உதடுகள்.

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் ஓவியங்களைச் சீர்செய்யும் கன்சர்வேட்டர்களிடம் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். துணி கிழிந்திருந்தால் நுண்ணோக்கியின் கீழ் நூலுக்கு நூல் சேர்த்து ஒட்டும் வித்தை அவர்களுக்குத் தெரியும். கறை, அதுவும் எண்ணெய்ப் பசையுள்ள கறை, அப்படிப்பட்டதில்லை.

உதட்டுச்சாயம் என்பது என்ன? ஆமணக்கெண்ணெய், பலவகை மெழுகுகள், அவற்றில் குழைத்த நிறங்கள். நிறங்களில் சில இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு போன்ற கனிமப் பொடிகள்; சில கரிமச் சாயங்கள். ஒட்டினால் போகக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட பொருள். சட்டைக் காலரில் பட்டாலே துவைத்து எடுப்பது எவ்வளவு பாடு என்று பார்த்திருப்போம். கரைப்பானில் நனைத்த பஞ்சை வைத்தால் எண்ணெயும் மெழுகும் கரையும். கரைந்தது பஞ்சுக்கு வருவதோடு நிற்காது, துணிக்குள்ளும் இறங்கும். போகும்போது சாயத்தையும் கூட்டிக்கொண்டு போகும். மேலே உதடு மாதிரி இருந்தது, உள்ளே ஒரு ரோஜா நிற மேகமாகப் பரவிவிடும்.

பழைய எண்ணெய் ஓவியமாக இருந்தால் மேலே வார்னிஷ் இருந்திருக்கும். வார்னிஷ் அடிவாங்குவதற்காகவே பூசப்படும் மேல்சட்டை மாதிரி. அழுக்கானால் அதைக் கழற்றிவிட்டு வேறு போடலாம். ‘பாத்டப்’ வார்னிஷ் பூசாத ஓவியம். நவீன ஓவியர்கள் பலர் பளபளப்பு வேண்டாம் என்று வார்னிஷையே ஒதுக்கிவிட்டார்கள். கண்ணுக்கு அது நல்ல முடிவு, ஆனால் அடுத்த தலைமுறைக் கன்சர்வேட்டருக்குத் தலைவலி. முத்தம் நேராக ஓவியத்தின் தோலில் விழுந்துவிட்டது.

இதே விபத்து பத்து வருடம் கழித்து பிரான்சின் அவிஞோன் நகரிலும் நடந்தது. 2007-ல் அமெரிக்க ஓவியர் சை டுவோம்ப்ளியின் முழு வெள்ளைப் பலகை ஒன்றின் மேல் ஒரு பெண் சிவப்புச் சாயத்தோடு முத்தமிட்டார். ஓவியத்தின் மதிப்பு சுமார் 20 லட்சம் யூரோ என்றார்கள். ஏறக்குறைய 30 வகைப் பொருட்களைப் போட்டுப் பார்த்தும் கறை போகவில்லை என்று அப்போது செய்தி வந்தது. அது அன்பின் செயல் என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் வாதாடினார். தண்டனையாக இழப்பீட்டுத் தொகையும் 100 மணி நேர சமூக சேவையும் கிடைத்தது. ஓவியருக்கென்று தனியாக, கேட்டபடியே, ஒரே ஒரு யூரோ.

பிட்ஸ்பர்க்குக்குத் திரும்புவோம். வார்ஹால் அருங்காட்சியகம் கார்னெகி அருங்காட்சியகங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் கன்சர்வேட்டர்கள் கடைசியில் உதவி கேட்டுப் போன இடம் இன்னொரு ஓவியக் கூடம் இல்லை. பக்கத்து மாநிலமான ஒஹாயோவில், க்ளீவ்லாண்ட் விமான நிலையத்தை ஒட்டி இருக்கும் நாசா ஆய்வுக்கூடம். அப்போது அதன் பெயர் லூயிஸ் ஆராய்ச்சி மையம். 1999-ல் அது க்ளென் மையமாயிற்று. அங்கே புரூஸ் பேங்க்ஸ், ஷாரன் ரட்லெட்ஜ் என்ற இருவர் பல ஆண்டுகளாக ஆக்சிஜனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓவியத்துக்காக இல்லை, விண்கலத்துக்காக.

நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் அந்தக் கையை வெட்டிவிடுகிறது. கீழே என்றால் பிரிந்த அணு உடனே வேறெதையாவது பிடித்துக்கொள்ளும். மேலே காற்று அவ்வளவு மெலிதாக இருப்பதால் துணை கிடைக்காமல் தனியாகவே அலைகிறது. இந்த ஒற்றையணு ஆக்சிஜன் மீது விண்கலம் நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுகிறது. சும்மாவே பசியோடு இருக்கும் அணு, மோதும் வேகத்தில் பிளாஸ்டிக்கில் இருக்கும் கார்பனையும் ஹைட்ரஜனையும் பிடுங்கிக்கொண்டு வாயுவாகப் பறந்துவிடும். தீப்பிழம்பு இல்லாத எரிப்பு என்று சொல்லலாம்.

ஆரம்பகால ஷட்டில் பயணங்களிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். பளபளப்பாகப் போன கேப்டான் என்ற பிளாஸ்டிக் படலம் மங்கி, சொரசொரப்பாகித் திரும்பி வந்தது. அப்புறம், பொருட்கள் விண்வெளியை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்க அனுப்பிய, எல்டிஇஎஃப் என்ற பேருந்து அளவு செயற்கைக்கோள். 1984 ஏப்ரலில் சேலஞ்சர் ஷட்டில் அதை விட்டுவிட்டு வந்தது. ஒரு வருடத்தில் எடுத்துவிடலாம் என்று திட்டம். 1986-ல் சேலஞ்சரே வெடித்துச் சிதறியதால் எல்லாம் தள்ளிப்போய், 1990 ஜனவரியில்தான் கொலம்பியா அதைப் பிடித்துக் கொண்டுவந்தது. பயண திசையைப் பார்த்திருந்த முகத்தில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் படலங்கள் சில சுவடே இல்லாமல் போயிருந்தன.

விண்வெளி நிலையம் கட்டப்போகிறவர்களுக்கு இது கவலை தரும் செய்தி. அதன் சூரியத் தகடுகள் கேப்டான் விரிப்பின் மேல்தான் அமர வேண்டும். க்ளீவ்லாண்ட் குழு கண்ட தீர்வு எளிமையானது: விரிப்பின் மேல் சிலிக்கான் ஆக்சைடை, அதாவது கண்ணாடியை, சுமார் 130 நானோமீட்டர் தடிமனில் பூசுவது. கண்ணாடி ஏற்கெனவே ஆக்சிஜனை வயிறு முட்ட உண்ட பொருள். இன்னும் எரிய அதில் ஒன்றும் மிச்சமில்லை.

இந்தப் பூச்சைச் சோதிக்கத் தரையிலேயே ஒற்றையணு ஆக்சிஜனை உண்டாக்க வேண்டியிருந்தது. அங்கேதான் பிளாஸ்மா வருகிறது. பெரிய இரும்புக் கலத்துக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஆக்சிஜனை மட்டும் விட்டு, அதில் மின்புலத்தைச் செலுத்தினால் எலக்ட்ரான்கள் மூலக்கூறுகளை அடித்து உடைக்கும். உள்ளே ஒளிரும் அந்த வாயுவில் அயனிகளும் எலக்ட்ரான்களும் தனி ஆக்சிஜன் அணுக்களும் கலந்து கிடக்கும். பெயரில் பிளாஸ்மா இருந்தாலும் வெல்டிங் தீப்பொறி மாதிரி சுட்டெரிக்காது. எலக்ட்ரான்கள் மட்டும்தான் சூடு, வாயு மொத்தத்தில் சூடேறுவது குறைவு. உள்ளே வைத்த பொருளின் மேற்பரப்பில் உள்ள கரிமம் மட்டும் அடுக்கடுக்காகக் கரைந்து காணாமல் போகும்.

பூச்சைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் எதிர்த்திசையில் யோசனை வந்தது. எதைத் தடுக்க இவ்வளவு பாடுபடுகிறோமோ, அதையே வேலைக்கு வைத்தால் என்ன? புகைக்கரி என்பது கார்பன். ஓவியத்தில் இருக்கும் நிறமிகளில் பல, டைட்டானிய வெள்ளை, துத்தநாக வெள்ளை, செங்காவி, மஞ்சட்காவி எல்லாம், ஏற்கெனவே ஆக்சைடுகள். விண்வெளி நிலையத்தின் கண்ணாடிப் பூச்சைப் போலவே அவையும் வயிறு நிறைந்தவை. அப்படியானால் கரி போகும், நிறம் நிற்கும்.

பரிசோதிக்க ஊருக்குள்ளேயே ஒரு வாய்ப்பு கிடைத்தது. 1989-ல் க்ளீவ்லாண்டின் செயின்ட் ஆல்பன்ஸ் தேவாலயத்தில் தீப்பிடித்து, இரண்டு ஓவியங்கள் கரிபிடித்துப் போயிருந்தன. ஒன்று ரஃபாயேலின் புகழ்பெற்ற ‘நாற்காலி மடோனா’வின் நகல், இன்னொன்று மகதலேனா மரியாள். க்ளீவ்லாண்ட் கலை அருங்காட்சியகம் அசிட்டோன் உட்பட வழக்கமான கரைப்பான்களால் முயன்றும் பலிக்கவில்லை. இனி ஒன்றும் ஆகாது என்று கைவிடப்பட்டவற்றில்தான் புதுக் கருவியைத் துணிந்து சோதிக்க முடியும். ஓவியங்கள் வெற்றிடக் கலத்துக்குள் போயின. மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெதுவாகக் கரியும் கருகிய வார்னிஷும் வாயுவாகிப் போக, அடியிலிருந்து தாயும் குழந்தையும் திரும்பி வந்தார்கள். முன்னும் பின்னுமாக எடுத்த புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

சரி, இதில் கெட்ட செய்தி என்ன? இந்த அணுவுக்கு அழுக்கு எது, ஓவியம் எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கார்பன் இருக்கிறதா இல்லையா என்பதுதான். நிறமி வெறும் பொடி. அதைத் துணியில் பிடித்து வைத்திருப்பது ஆளி விதை எண்ணெய் போன்ற ஒரு கரிமப் பிணைப்பு. கரி தீர்ந்ததும் நிறுத்தாவிட்டால் அணு அடுத்து அந்தப் பிணைப்பைத் தின்னத் தொடங்கும். மேல்பரப்பில் பிணைப்பு குறைந்த நிறமி சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிறித் தெரியும். தொட்டால் கையோடு வரும். அதனால்தான் கருவியின் வேலை முடிந்த பிறகு நிறமியைப் பிடித்து நிறுத்த மெல்லிய பூச்சு தெளிக்க வேண்டியிருக்கிறது. நாசா படங்களைப் பகிர்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது: எங்கே நிறுத்துவது.

‘பாத்டப்’ விஷயத்தில் இன்னொரு சிக்கல். கறை ஒரு உதட்டளவு, ஓவியமோ பெரியது. முழுவதையும் வெற்றிடக் கலத்துக்குள் தள்ளினால் கறை இல்லாத இடத்திலும் மேல்பரப்பு பறிபோகும். காய்ச்சல் ஒருவருக்கு இருக்க, வீட்டில் எல்லோருக்கும் ஊசி போடுகிற கதை. ஆகவே குழு சிறிய கருவி ஒன்றைக் கையில் எடுத்தது. ஹீலியத்தோடு கொஞ்சம் ஆக்சிஜனைக் கலந்து, சாதாரணக் காற்றழுத்தத்திலேயே, இரு மின்முனைகளுக்கு நடுவே ஒரு மின்வில் வழியாகச் செலுத்தும் கருவி. நுனியிலிருந்து பென்சில் பருமனில் ஒற்றையணு ஆக்சிஜன் பீச்சி வரும். ஹீலியம் ஏன் என்றால், அது யாரோடும் சேராத வாயு. காற்றில் விட்டால் நொடியில் துணை தேடிக்கொள்ளும் ஆக்சிஜன் அணுக்களை, ஹீலியக் கூட்டம் சூழ்ந்து தனியாகவே ஓவியம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் ஆஸ்பத்திரியை நோயாளியிடம் கொண்டுவந்தார்கள். க்ளீவ்லாண்டிலிருந்து பிட்ஸ்பர்க் இரண்டு மணி நேரக் கார் பயணம். ஓவியத்துக்கு அந்தப் பயணமும் ஒரு ஆபத்து, கருவிக்கு அது ஒன்றுமில்லை.

வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. பீச்சும் நுனியைக் கறையின் மேல் புள்ளி புள்ளியாக நகர்த்தினார்கள். பஞ்சு இல்லை, ஈரம் இல்லை, துணியின் மேல் அழுத்தம் இல்லை. கரைப்பானின் பிரச்சினை முழுக்க அது திரவம் என்பதில்தான் இருந்தது; எங்கே ஓடும் என்று அதனிடம் பேச முடியாது. இங்கே மெழுகும் எண்ணெயும் சாயமும் கரைவதில்லை, இருந்த இடத்திலேயே கார்பன் டையாக்சைடும் கார்பன் மோனாக்சைடும் நீராவியுமாக மாறி மேலே போய்விடுகின்றன. துணிக்குள் இறங்க வழியே இல்லை. உதட்டுச்சாயத்தின் கனிமப் பொடி மட்டும் இந்த அணுவுக்கு அசையாது. ஆனால் அதைப் பிடித்து வைத்திருந்த பசை போய்விட்டால் பொடி வெறும் தூசிதான்.

முத்தம் போயிற்று. ஆனால் அந்த இடம் சுற்றுப்புறத்தை விடச் சற்று வெளிறியிருந்தது. இதையும் எதிர்பார்த்திருக்கலாம். முப்பத்தாறு வருடம் காற்றில் நின்ற வார்னிஷ் இல்லாத துணியில் எவ்வளவு தூசியும் மனித மூச்சும் சமையல் புகையும் படிந்திருக்கும்! அவையும் கரிமமே. அணு முத்தத்தோடு அந்த வயதையும் சேர்த்துத் துடைத்துவிடும். கன்சர்வேட்டர் அந்தத் திட்டை அக்கம்பக்கத்தோடு பொருந்தும்படி நிறம் சேர்த்து மங்கவைத்தார். பாதி வேலை கருவி செய்தது, மீதியைத் தூரிகை செய்தது. ‘நாசா தொழில்நுட்பம் ஓவியத்தை மீட்டது’ என்ற தலைப்பில் இந்த இரண்டாம் பாதிக்கு இடமில்லை.

இன்னொரு ஓவியத்தில் கருவியின் எல்லை தெளிவாகத் தெரிந்தது. 1958 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், குளிர்சாதன வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. ஒரு தொழிலாளி இறந்தார். பிரெஞ்சு ஓவியர் மோனேயின் மிகப் பெரிய ‘அல்லிப் பூக்கள்’ ஓவியம் எரிந்து போயிற்று. தப்பித்தும் தப்பாத இன்னொரு மோனே, கருகியும் கொப்பளித்தும், பிற்காலத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கன்சர்வேஷன் மாணவர்களுக்குப் பாடப் பொருளாக வாழ்ந்தது. க்ளீவ்லாண்ட் குழு அதன் வண்ணத் துணுக்குகளிலும் ஒற்றையணு ஆக்சிஜனைச் சோதித்தது. கரி போகும். ஆனால் வெப்பத்தில் உருகிக் குமிழ் விட்ட வண்ணத்தை எந்த அணுவாலும் பழையபடி தட்டையாக்க முடியாது. அடுப்பங்கரைச் சுவரில் கரியைத் துடைக்கலாம், வெடித்த காரையைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

எல்லாப் பொருளுக்கும் ஆக்சிஜன் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளியை இதனிடம் காட்டினால் கறுத்து உரியும். விண்கலங்களின் வெள்ளி இணைப்புகளுக்கே அந்தக் கதி. பட்டு, காகிதம், தோல், அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு எல்லாம் தாங்களே கரிமம். அவற்றின் மேல் இருக்கும் அழுக்கும் கரிமம். அங்கே இந்த அணுவை அவிழ்த்துவிடுவது பூனையிடம் மீனைக் காவலுக்கு வைப்பது.

உலோகத்துக்கு வேறு வாயு உண்டு: ஹைட்ரஜன். ஆக்சிஜன் கொடுக்கும், ஹைட்ரஜன் பிடுங்கும். கறுத்த வெள்ளியின் மேல் இருக்கும் கந்தகத்தைப் பிடுங்கி, வெள்ளியை வெள்ளியாகவே திருப்பித் தரும். பிரிட்டிஷ் மியூசியத்தின் வின்சென்ட் டேனியல்ஸ் 1970-களின் இறுதியிலேயே இதைச் செய்துபார்த்தார். 1981-ல் டேகரோடைப் எனும் வெள்ளித் தகட்டுப் புகைப்படங்களில் கருமையை ஹைட்ரஜன் பிளாஸ்மாவால் நீக்குவது பற்றி எழுதினார். விரல் பட்டாலே அழிந்துவிடும் அந்தப் படங்களுக்குத் தொடாமல் செய்யும் வைத்தியம் என்பது சின்ன விஷயமில்லை.

ஸூரிக்கில் ஸ்டான் வெப்ரெக்கும் சகாக்களும் 1980-களில் மண்ணுக்கடியிலிருந்து வந்த இரும்புப் பொருட்களை ஹைட்ரஜன் பிளாஸ்மாவுக்குள் வைத்தார்கள். துரு முழுவதும் இரும்பாக மாறிவிடாது. ஆனால் கெட்டித்துப்போன மேலோடு தளர்ந்து, கையால் சுரண்டி எடுக்க எளிதாகும். இரும்பை வெளியே எடுத்த பிறகும் உள்ளிருந்து அரிக்கும் குளோரைடுகளை வெளியேற்றவும் அது உதவும். அருமையான வழியாகத்தான் தெரிந்தது. ஆனால் ஆரம்பத்தில் வெப்பம் 300, 400 டிகிரி வரை போயிற்று. பழங்காலக் கொல்லர் ஒருவர் வாளைக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கடினமாக்கியிருந்தால், அந்தத் தோய்ச்சலின் தடயம் இரும்பின் நுண்ணமைப்பில் உறைந்திருக்கும். 300 டிகிரி என்பது அந்தத் தடயத்தைக் கலைக்கப் போதும். வாள் சுத்தமாகிவிடும், ஆனால் கொல்லரின் கைப்பக்குவத்தைப் படிக்க வருகிற ஆய்வாளருக்குத் தவறான பதில் கிடைக்கும். இதை உணர்ந்ததும் வெப்பத்தை வெகுவாகக் குறைத்தார்கள். துருவைத் தளர்த்தும் வேகமும் கூடவே குறைந்தது.

‘பாத்டப்’ மீண்டு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பிளாஸ்மாக் கருவி ஒவ்வொரு சீரமைப்புக் கூடத்துக்கும் வந்துவிடவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. வெற்றிடக் கலம் விலை அதிகம், இடம் அதிகம். கைக்கருவிக்கு ஹீலியம் வேண்டும், அது மலிவில்லை. காற்றில் ஆக்சிஜன் பிளாஸ்மா ஓடினால் ஓசோனும் வரும், அதை வெளியேற்ற வழி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்ததைத் திரும்ப எடுக்கும்படி செய் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். எரிந்து வாயுவானதைத் திரும்ப எடுக்க முடியாது. பஞ்சையும் கரைப்பானையும் முப்பது வருடம் கையாண்ட ஒருவர் தயங்குவதைப் பழமைவாதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கரைப்பான்கள் நுரையீரலுக்கும் நல்லதில்லை, சாக்கடைக்கும் நல்லதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2022-ல் தொடங்கிய ‘மாக்ஸி’ திட்டம் இந்த முனையிலிருந்துதான் பழைய நாசா யோசனையைத் திரும்ப எடுத்திருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் தலைமையேற்கிறது. வெற்றிடம் வேண்டாம், திரவம் வேண்டாம், சாதாரண அறையில் நின்றபடி கன்சர்வேட்டரே கையாளும் ஒற்றையணு ஆக்சிஜன் பீச்சி ஒன்றை உருவாக்குவதே நோக்கம். புகைக்கரி படிந்த பொருட்கள், கரைப்பானைத் தாங்காத நவீன வண்ணங்கள், நுண்துளைகள் நிறைந்த பரப்புகள், ‘பாத்டப்’ மாதிரி வார்னிஷ் இல்லாத துணிகள் ஆகியவைதான் அதன் குறி. இந்த முறை பிளாஸ்மா தெரிந்தவர்களும் ஓவியம் தெரிந்தவர்களும் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1997-ல் ஒரு முத்தம் விழுந்த பிறகுதான் அந்த இரு தரப்பும் பிட்ஸ்பர்க்கில் ஒரு ஓவியத்தின் முன்னால் சேர்ந்து நின்றன.